புழு போட்டுப் பிடித்தால் மீன் பிடித்ததாகாதா?

ஓடைக்கால்: நேற்று ஒரு பெரியவர் இங்கே எழுதியிருந்தார், “நீலகிரி ஓடையில் ட்ரவுட்டை ஃப்ளை கட்டித்தான் பிடிக்கணும், மண்புழு கோக்கிறவன் மீன் திருடன்” என்று. (ட்ரவுட் குளிர்ந்த ஓடை மீன்; ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சி.) எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சோலைக்குள் அட்டைக்கடி வாங்கி நடந்து போகிறவன் திருடன், ரோட்டோரம் ஜீப்பை நிறுத்திவிட்டு விலை உயர்ந்த தூண்டில் ரீலைச் சுற்றுகிறவர் கனவானா?

அவலாஞ்சிப்பழசு: எழுதியது நான்தான், பெயரைச் சொல்ல என்ன பயம்? ட்ரவுட் புழுவை அப்படியே விழுங்கும், தூண்டில் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும். குஞ்சு மீனாக இருந்தால் திரும்ப விட்டும் பிழைப்பது கஷ்டம். ஃப்ளை என்றால் பெரும்பாலும் உதட்டோரம் மாட்டும். இது தெரியாமல் தூண்டிலைத் தூக்கினால் திருட்டுதான்.

ஓடைக்கால்: முள்ளைப் பிடுங்காமல் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டால் பல மீன்கள் பிழைக்கும். அது சரி, நான் குழம்புக்குத்தானே பிடிக்கிறேன்?

அவலாஞ்சிப்பழசு: குழம்பாம்! கேட்டுக்கொள்ளுங்கள்.

கெத்தைவாசி: அந்த மீனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அது இந்த ஊர் மீனே இல்லை. 1860-களில் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். 1907 வாக்கில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் ரெயின்போ ட்ரவுட் என்ற வகையை இங்கே நிலைக்க வைத்தார். உலகின் மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. எதைப் போட்டாவது பிடித்துத் தின்னுங்கள், ஓடைக்கு நல்லது.

அவலாஞ்சிப்பழசு: பேச்சை மாற்றாதீர்கள். கேள்வி புழுவைப் பற்றி.

நரம்புராஜா: அந்தப் பக்கம் முக்கூர்த்தி தேசியப் பூங்கா வேறு இருக்கிறது. அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. புழுவா ஃப்ளையா என்று வனக்காவலர் விசாரிக்க மாட்டார்.

ஓடைக்கால்: பூங்காவுக்குள் நான் போகவில்லை. இடத்தையும் சொல்ல மாட்டேன், நாளைக்கே பத்து ஜீப் வந்து நிற்கும்.

அவலாஞ்சிப்பழசு: தம்பி, நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே ட்ரவுட்டுக்குச் சின்னதாக ஒரு சதைத் துடுப்பு இருக்கும், அதைக் காணோம். வாயோரம் மீசை தெரிகிறது. கெண்டையைக் காட்டி ட்ரவுட் என்றால் எப்படி?

ஓடைக்கால்: சதைத் துடுப்பை என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. மீசையும் இல்லை, வாயில் தொங்கிய புழு! உதட்டோரம்தான் தொங்குகிறது, பாருங்கள். தொண்டைக்குள் போகும் என்றீர்களே, என்ன ஆச்சு?

கெத்தைவாசி: 😂😂

அவலாஞ்சிப்பழசு: சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு மீனை வைத்து முடிவு கட்ட முடியுமா? ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். அதன் பின்பக்கமாக, ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே ஏறி வரணும், நிழல் தண்ணீரில் விழக்கூடாது. ஃப்ளையை அதற்குக் கொஞ்சம் மேலே போட்டு மிதந்து வர விடணும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். புழுவுக்கு என்ன வேண்டும்? ஒரு டப்பாவும் எருக்குழியும் போதும்.

நரம்புராஜா: பொறுமை பற்றிப் பேசுகிறீர்கள் சார். போன வருஷம் என்னிடம் வாங்கிப்போன ரீலுக்காக நானும் பொறுமையாகத்தான் காத்திருக்கிறேன்.

அவலாஞ்சிப்பழசு: அதைத் தனியாகப் பேசலாம். அதில் சக்கரப் பல் தேய்ந்திருந்தது என்பதையும் சொல்லட்டுமா?

ஓடைக்கால்: யார் திருடன் என்று இப்போது தெரிகிறது.

நரம்புராஜா: கொடுக்கும்போது பல் நன்றாகத்தான் இருந்தது!

அவலாஞ்சிப்பழசு: ரீலை விடுங்கள். தம்பி, முள் எத்தனை நம்பர்? அதைச் சொல்லாமல் மழுப்ப வேண்டாம். புழு எவ்வளவு நீளம்?