அந்தியோதயா (பரம ஏழைக் குடும்பங்களுக்கான ரேஷன்) அட்டைக்கு மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் இல்லை, நிலம் இல்லை. நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. அறுப்புக்கு மெஷின் வந்துவிடுவதால் தை கழிந்தால் கூலியே கிடையாது. இவருடைய ஸ்மார்ட் கார்டில் என்.பி.எச்.எச், அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம் என்று இருக்கிறது. மாநில அரசு தன் செலவில் அரிசி கொடுக்கிறது, சரி. ஆனால் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ உண்டு. நிலமில்லாத கூலிக் குடும்பம், கணவரை இழந்தவர் நடத்தும் குடும்பம் இரண்டுமே அதில் வரும். இவர் எப்படி விடுபட்டாரோ!

இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமில் மனு கொடுத்தால் போதுமா, வட்ட வழங்கல் அலுவலரையே பார்க்க வேண்டுமா? வருமானச் சான்று, விதவைச் சான்று இரண்டும் கேட்பார்களா? டெல்டாவில் சமீபத்தில் மாற்றியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.