தம்பி டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ரெக்கார்டு லேபிள் நடத்தப் போகிறானாம், சரிவருமா?

ஈசூன் அக்கா:
வணக்கம். தம்பிக்கு 25 வயது, சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்துவிட்டு ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு ஒன்றில் டிரம்ஸும் வாசிக்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு, தன் குழுவுக்கும் நண்பர்களின் குழுக்களுக்கும் ரெக்கார்டு போட்டு விற்கும் லேபிள், அதாவது சின்ன இசை நிறுவனம், நடத்தப் போகிறேன் என்று நிற்கிறான். மத்திய சேம நிதிச் சேமிப்பு (மசேநி) என்ன ஆவது என்று அம்மா ஒரே புலம்பல். உலகத்தில் யாராவது இப்படிப் பிழைத்திருக்கிறார்களா?

பழைய கேசட்:
இருக்கிறார்கள் அக்கா. ஜெஃப் நெல்சனைப் பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற குழுவின் டிரம்மர். 1980 கடைசியில் அந்தக் குழு கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த சில நூறு டாலர் கையில் இருந்தது, அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் எட்டுப் பாட்டுள்ள 7 அங்குலத் தட்டை 1,000 பிரதி அடித்தார்கள். அதுதான் அவர்கள் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் லேபிளின் முதல் வெளியீடு. இங்கிலாந்துத் தட்டு ஒன்றின் உறையைப் பிரித்து அளவெடுத்து, தாங்களே உட்கார்ந்து வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். நெல்சனுக்கு வடிவமைப்பிலும் கை உண்டு, லேபிளின் பல உறைகள் அவர் வேலை.

அப்புறம் அவரும் கூட்டாளி இயன் மக்காயும் மைனர் திரெட் குழுவில் இருந்தார்கள். அதுவும் 1983இல் கலைந்தது, லேபிள் மட்டும் இன்றுவரை ஓடுகிறது. ஒப்பந்தத் தாள் கிடையாது, செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்குப் பாதி. என்னைக் கேட்டால் அது நிலைத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம், பாட்டு அப்புறம். ஆனால் ஒன்று, மக்காய் அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தவர். அம்மாவிடம் இதைச் சொல்லலாம்.

தோபாயோ ஸ்னேர்:
பெரிதாக வளர்ந்த லேபிளும் உண்டு. லெஸ் தேன் ஜேக் குழுவின் டிரம்மர் வின்னி ஃபியோரெல்லோ 1996இல் ஃபுளோரிடாவில் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியதுதான் ஃப்யூவல்ட் பை ராமென். ரெக்கார்டு போட்ட பிறகு மலிவான நூடுல்ஸுக்குத்தான் காசு மிஞ்சும் என்பதால் அந்தப் பெயர். ஃபால் அவுட் பாய், பாரமோர் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் வின்னி அதைவிட்டு விலகி, 2008இல் வேறு சின்ன லேபிள் தொடங்கினார். தம்பிக்கு எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

ஆர்மீனியன் ஸ்த்ரீட் வாசி:
அமெரிக்கக் கதை நல்ல கதைதான், ஆனால் நெல்சன் நம் வீவக அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் அடிக்கவில்லை. இங்கே ஒத்திகைக்கே மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை. சப்ஸ்டேஷன் கலை மையம் 2021இல் தன் கட்டடத்தை விட்ட பிறகு இந்த மாதிரிக் குழுக்களுக்கு மேடை இன்னும் குறைந்துவிட்டது. எஸ்பிளனேட் கலையரங்கின் பேபீட்ஸ் இசை விழா வருடத்துக்கு ஒரு முறைதான், அதுவும் இலவசம். வினைல் தட்டை வெளிநாட்டில் அடித்தால் சரக்கு வந்து இறங்கும்போதே 9% பொருள், சேவை வரியைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், அப்புறம் அஞ்சல் செலவு. முதலில் கேசட் போடட்டும், கொஞ்சம் பிரதி போட்டாலும் கட்டுப்படியாகும். வேலையை விட வேண்டாம்.

நம்மாட்களால் முடியாது என்றும் சொல்லமாட்டேன். ருத்ரா 1992இல் இங்கே தொடங்கிய குழு, சமஸ்கிருத சுலோகத்தை மெட்டல் ராக் இசையில் போட்டு வெளிநாட்டிலும் ஆள் சேர்த்தார்கள்.

ஈசூன் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. பாதிப் பங்கு விஷயத்தைச் சொன்னேன், "அப்போ எனக்கு என்ன மிஞ்சும்?" என்கிறான். வேலையை விடுவதை ஆறு மாதம் தள்ளிப்போட ஒத்துக்கொண்டான்.

பழைய கேசட்:
அந்தக் கேள்வியைக் கேட்டானே, அதுவே நல்லது. நண்பர்களின் குழு என்றாலும் ஒவ்வொரு கேசட்டுக்கும் வரவு செலவை எழுதி அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். முதல் கேசட் வந்ததும் இங்கே சொல்லுங்க அக்கா, எனக்கு ஒன்று.