மறு: ஏர் ஸ்ட்ரேஃப், சர்ஃப், பீஹாப் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கவுண்டர் ஸ்ட்ரைக்ங்கற சுடற கம்ப்யூட்டர் கேம்ல ஆளை நகர்த்தற வித்தைகளுக்கு நாம போடற தமிழ்ச் சொல் பட்டியலைப் பத்தின பதில் இது, > போட்ட வரிகள் மத்தவங்க எழுதினது. ஏர் ஸ்ட்ரேஃப்னா குதிச்சு காத்துல இருக்கும்போது பட்டனையும் மவுஸையும் சேத்து அசைச்சு வேகம் ஏத்தறது.

> ஸ்ட்ரேஃப் = பக்கவாட்டு நகர்வு. ஏர் ஸ்ட்ரேஃப் = வான்வழிப் பக்கவாட்டு நகர்வு. பொருள் தெளிவாக இருப்பதால் இதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

ஐயா, இதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. சொல் நீளமா இருக்குங்கறது மட்டும் பிரச்சனைன்னா சுருக்கிக்கலாம், ஆனா இந்தச் சொல்லு புதுசா கத்துக்கறவனோட கையைத் தப்பான இடத்துக்கு கூட்டிட்டுப் போகுது. கவுண்டர் ஸ்ட்ரைக்ல சர்ஃப் சர்வருக்குள்ள (ராம்ப்புங்கற சாய்தளத்து மேல சறுக்கிக்கிட்டே போற ஆட்டம்) முதல் தடவை நுழையுற பையன்கிட்ட "பக்கவாட்டுல நகரு"ன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான், ஏ பட்டனை (இடப்பக்கம் போறது) அமுக்கிட்டு மவுஸை அசைக்காம நேரா பாத்துக்கிட்டே இருப்பான், அடுத்த ராம்ப்பை எட்டாமலே கீழ விழுவான், திரும்ப ஸ்டார்ட் ஜோன்ல வந்து நிப்பான். வாய்ஸ் சாட்ல தமிழ்ல சொல்லித்தரும்போது இதை நான் ஓயாம பாக்கறேன். அவங்க கை மந்தமில்ல, நாம கொடுக்கற வார்த்தைதான் பாதி வேலையைச் சொல்லாம விட்டுடுது.

காத்துல உண்மையில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், அது புரிஞ்சாத்தான் சொல்லைப் பத்திப் பேசமுடியும்.

இந்தக் கணக்கு 1996ல வந்த குவேக் கேமோட எஞ்சின்ல (கேமை இயக்கற நிரல்) எழுதினது, அங்கிருந்து 1998ல ஹாஃப் லைஃபுக்கு வந்து, அதை மாத்தி எழுதின வடிவமா (மாட்) பொறந்த கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கும் அப்படியே இறங்கிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். காத்துல இருக்கும்போது நீங்க ஒரு பட்டனை அமுக்கினா, அந்தப் பட்டன் காட்டற திசையில உங்க வேகம் ஏற்கனவே எவ்வளவு இருக்குன்னு கேம் பாக்கும். அது செகண்டுக்கு 30 யூனிட்டுக்கு (கேமோட நீள அளவு) கம்மியா இருந்தா மட்டும்தான் சேத்துக்கொடுக்கும், அதுவும் 30ஐத் தொடற வரைக்கும்தான். கத்தியோட ஓடற வேகம் 250. நேரா ஓடிக் குதிச்சிட்டு டபிள்யூவை (முன்னால போற பட்டன்) அமுக்கினா அந்தத் திசையில ஏற்கனவே 250 இருக்கு, ஒண்ணும் கிடைக்காது. ஆனா ஏ அமுக்கினா இடப்பக்கத் திசையில வேகம் 0, அதனால 30 வரைக்கும் கிடைக்கும். 250ம் 30ம் செங்குத்தா சேந்தா கிட்டத்தட்ட 251.8. அதாவது ஒரே டிக்ல (கேம் ஒரு தடவை கணக்குப் போடற நேரம்) 1.8 யூனிட் லாபம், கேம் ஒரு செகண்டுக்கு 64 தடவை இந்தக் கணக்கைப் போடுதுன்னா யோசிச்சுக்கோங்க.

இப்பத்தான் முக்கியமான இடம். அந்த லாபம் கிடைச்ச உடனே உங்க போற திசையும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிடுது. பார்வை பழைய இடத்துலயே இருந்தா அடுத்த டிக்ல ஏ காட்டற திசை உங்க போக்குக்குச் செங்குத்தா இருக்காது, லாபம் நின்னுபோயிடும். அதனால மவுஸை இடப்பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கணும், பட்டனும் பார்வையும் சேந்தே போகணும். மெதுவா இழுத்தா வேகம் ஏறாது, ரொம்ப வேகமா இழுத்தா இருக்கற வேகமும் குறையும். இடைப்பட்ட அந்த ஒரு வேகத்தை மணிக்கட்டு கத்துக்கறதுதான் ஏர் ஸ்ட்ரேஃப் படிக்கறது, மத்ததெல்லாம் அப்புறம்.

அப்போ இதுல "பக்கம்" எங்க இருக்கு? சைடுவேஸ்னு ஒரு ஸ்டைல் இருக்கு, அதுல ஆளு போற திசைக்குக் குறுக்கால பாத்துக்கிட்டே டபிள்யூவும் எஸ்ஸும் (பின்னால போறது) மாத்தி மாத்தி அமுக்கிப் போவான், ஏ, டி (வலப்பக்கம் போறது) பக்கம் விரலே போகாது. அதையும் ஸ்ட்ரேஃபுன்னுதான் சொல்றோம். முன்னால போற பட்டனை அமுக்கறவனைப் பாத்து பக்கவாட்டு நகர்வுன்னு எப்படிங்க சொல்றது?

ஆங்கிலச் சொல்லோட மூலத்தைப் பிடிச்சுப் போனாலும் உதவி இல்ல. ஜெர்மன்ல அது தண்டிக்கறதுங்கற வினை, முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க வாயில வந்து, விமானத்துல தாழப் பறந்து சுடறதுக்குப் பேராகி, அப்புறம் கேம்ல பக்கமா நகர்றதுக்கு ஒட்டிக்கிச்சு. அவங்களே பொருள் பாத்து வெச்ச சொல் இல்ல அது, நாம மட்டும் ஏன் அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும்.

என் பரிந்துரை வளைப்பு. வினையா வரும்போது வளை, வளைச்சான், வளைக்கணும். "இடப்பக்கம் வளை, விட்டுட்டு வலப்பக்கம் வளை"ன்னு சொன்னா மவுஸு தானா போகும், போற பாதையும் உண்மையிலயே வளைஞ்சுதான் போகுது. "ஒரே ஜம்ப்ல ஆறு வளைப்பு போட்டான்"னு எண்ணிச் சொல்லலாம். குதிக்கறதுக்கு முன்னால தரையிலயே திரும்பி 250க்கு மேல வேகம் ஏத்திக்கற ப்ரீஸ்ட்ரேஃபுக்கு முன்வளைப்புன்னு அப்படியே நீட்டிக்கலாம். பட்டனும் மவுஸும் சேந்து போறதைச் சொல்ற சிங்க்குக்கு ஒத்திசைவுங்கற சொல் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதையே வெச்சுப்போம். வளைப்புன்னா முற்றுகைன்னு ஒரு பொருள் இருக்கே, சுடற கேம்ல குழப்பாதான்னு ஒரு தோழர் தனிமடல்ல கேட்டாரு. முற்றுகையை இன்னைக்கு யாரும் வெறுமனே வளைப்புன்னு சொல்றதில்ல, சுற்றிவளைப்புன்னுதான் சொல்றோம், அதனால பயமில்ல.

> சர்ஃப்புக்கு அலைச்சறுக்கு இருக்கே, புதுசு எதுக்கு?

அக்கா, அலைச்சறுக்கு கடல்ல பண்றதுக்கு நல்லாவே வேரூன்றிடுச்சு, கோவளம் பக்கம் பசங்க பலகையோட போறதை பேப்பர்லயும் அப்படித்தான் எழுதறாங்க. இங்க அலையே கிடையாது. இருக்கறது வானத்துல மிதக்கற முக்கோணக் கூரை மாதிரி ஒரு சாய்தளம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட 45 டிகிரிக்கு மேல சாஞ்ச எதையும் அந்த எஞ்சின் தரைன்னு ஏத்துக்காது, ஆளு அதுமேல ஒட்டிக்கிட்டுப் போனாலும் கேம் கணக்குல அவன் காத்துலதான் இருக்கான், உராய்வு கிடையாது, அதனாலதான் வேகம் குறையாம ஓடுது. 2004 வாக்குல கவுண்டர் ஸ்ட்ரைக்ல முதல் சர்ஃப் மேப் வந்ததே இந்த ஒரு குணத்தை நம்பித்தான். அலையை எடுத்துட்டு சறுக்குன்னு மட்டும் வெச்சா போதும்னு நினைக்கறேன், ராம்ப்புக்கு சாய்தளம். அடி சறுக்கறதுன்னா தோத்துப்போறதுன்னு ஒரு நிழல் அதுல இருக்கறது உண்மைதான், ஆனா சறுக்குமரத்துல ஏறாத குழந்தை இல்ல, பனிச்சறுக்குன்னா யாரும் தோல்வியா நினைக்கறதில்ல. சறுக்கு மேப், சறுக்கு சர்வர், சறுக்கறவங்க, எல்லாம் சுலபமா வருது.

பட்டியல்ல விளக்கம் எழுதறவங்க இதை மட்டும் தயவுசெஞ்சு சேத்துடுங்க: சாய்தளம் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தா டி, இடப்பக்கம் இருந்தா ஏ, டபிள்யூ எஸ் ரெண்டையும் தொடவே கூடாது. கேம்ல சாதாரணமா ஏர் ஆக்ஸிலரேட் (காத்துல எவ்வளவு சீக்கிரம் வேகம் சேரணும்ங்கற அமைப்பு) 10 இல்ல 12தான் இருக்கும், சறுக்கு சர்வர்ல அதை 100, 150ன்னு ஏத்தி வெச்சிருப்பாங்க, அதனால சாதாரண மேட்ச் சர்வர்ல போய் சறுக்கிப் பாத்துட்டு வரலைன்னு மனசு விட்டுடாதீங்கன்னும் எழுதணும். மேப் பேரு சர்ஃப்_பிகினர், சர்ஃப்_யுடோப்பியா ரெண்டும் டியர் 1 (ரொம்பச் சுலபமான படி), அங்க ஆரம்பிக்கறதுதான் வழக்கம்.

போர்டிங்குக்கு இதுவரைக்கும் யாரும் சொல் தரலை, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட அவசரமாத் தோணுது. ஒரு சாய்தளத்துல இருந்து பறந்து வந்து அடுத்ததுல சேர்ற அந்தத் தருணம். நேரா மோதினா, சாய்தளத்துக்குள்ள போகப் பாக்கற அளவு வேகத்தை எஞ்சின் வெட்டி எறிஞ்சிடும். அதோட மேற்பரப்புக்கு இணையா, உரசற மாதிரி வந்து சேந்தா ஒண்ணும் போகாது. தலைமுடியை எண்ணெய் வெச்சுப் படிய வாருவோம் இல்ல, அந்தப் படிய. "படிய இறங்கு"ன்னு சொன்னா கேக்கறவனுக்கு உடனே புரியுது, சொல்லிப் பாத்துட்டுதான் எழுதறேன். பெயர்ச்சொல்லா வேணும்னா படிவிறக்கம். படியிறக்கம்னு வேணாம், மாடிப்படியில இறங்கறாப்ல ஆயிடும். கரையணைதல்ல இருந்து அணைதல்னு ஒரு தம்பி சொன்னது கேக்க அழகா இருக்கு, ஆனா "நல்லா அணைஞ்சான்"னா விளக்கு அணைஞ்ச மாதிரி கேக்குது.

> பன்னி ஹாப்புக்கு முயல் தாவல் / தவளைப்பாய்ச்சல்

பன்னி ஹாப், சுருக்கமா பீஹாப்னா, தரையைத் தொட்ட உடனே நிக்காம திரும்பத் திரும்பக் குதிச்சுப் போறது, இங்கிலீஷ்ல பன்னின்னா முயல். முயலை விட்டுடலாம், அது அவங்க ஊர்ப் படிமம். தவளைப்பாய்ச்சல் ஆசையாத்தான் இருக்கு, இலக்கணத்துல சூத்திரம் நிக்கற நிலைக்கே தவளைப்பாய்த்துன்னு பேர் வெச்சவங்க நாம. ஆனா தவளை பாயறதுக்கு முன்ன உக்காரும். பீஹாப்ல உக்காந்தா எல்லாம் போச்சு. தரையில கால் பட்டு ஒரே ஒரு டிக் நின்னாலும் உராய்வு வேகத்தைத் தின்னுடும், பட்ட அதே டிக்ல ஜம்ப் பதிஞ்சா மட்டும்தான் தப்பிக்கலாம், அதுக்குத்தான் ஜம்ப்பை மவுஸ் வீலுக்கு மாத்திக்கிட்டு உருட்டறாங்க, ஒரு உருட்டல்ல பல ஜம்ப் போறதுல ஒண்ணாவது அந்த டிக்ல விழும்னு. இதுல வேகம் எக்கச்சக்கமா ஏறுதுன்னுதான் ஹாஃப் லைஃப்லயே பின்னால ஒரு அப்டேட்ல ஓட்ட வேகத்தைப் போல 1.7 மடங்குக்கு மேல போனா வெட்டற மாதிரி வெச்சாங்க. அதனால தொடுதாவல். தொட்டதும் தாவு. தொடுதிரை நாக்குல நல்லாப் பழகிட்ட மாதிரி இதுவும் பழகிடும். சில சர்வர்ல ஸ்பேஸ்பாரை அமுக்கிப் பிடிச்சாலே தானா குதிக்கும், அதைத் தன் தொடுதாவல்னு சொல்லிக்கலாம், கத்துக்கறவங்க முதல்ல அங்க வளைப்பை மட்டும் பழகிட்டு அப்புறம் வீலுக்கு வர்றது நல்லது, ரெண்டையும் ஒண்ணாப் பிடிச்சா கை எதைத் திருத்தறதுன்னு தெரியாம முழிக்கும்.

குதிச்சுக் குதிச்சு ஏறி மேப்பை முடிக்கற கேஸீங்கற வகையோட பேரைத் தமிழாக்கவே வேணாங்கறது என் கருத்து. கிரீட்ஸ்ங்கற மேப் போடறவரோட பேர்ல வந்தது, ஆள் பேரை மொழிபெயர்க்கறது முறையில்ல. ஆனா அதுக்குள்ள வர்ற செக்பாயின்ட்டுக்குச் சொல் வேணும். ஏறிக்கிட்டே இருக்கும்போது ஒரு இடத்தைச் சேமிச்சு வெச்சுக்கிட்டு, விழுந்தா அங்கயே திரும்பி வர்றது. அது இல்லாம முடிச்சா ப்ரோ ரன், பயன்படுத்தினா டீபீ (டெலிபோர்ட்) ரன், ரெண்டுக்கும் தனித்தனி ரெக்கார்டு. பட்டியல்ல இப்போ சோதனைச்சாவடின்னு கிடக்கு, அது போலீஸ் வண்டியை நிறுத்தற இடம், உடனே எடுத்துடணும். நான் மீள்புள்ளின்னு எழுதிட்டிருக்கேன், ஆனா பேசும்போது ள்-ப்-ளன்னு நாக்கு தடுக்குது. வாய்ல சட்டுனு வர்ற மாதிரி யாருக்காவது தோணுச்சுன்னா எழுதுங்க, அதுவரைக்கும் அந்த வரியைக் காலியா விட்டுடலாம்.

அன்புடன்.