மறு: ‘என்.ஏ.’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘விடுபாடு’ பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வுத் தரவை ஆர் (R), எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் அலசுகிறவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒன்றுக்குத்தான் இந்தக் குழுவில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எண் இல்லை. ஆரில் அங்கே ‘என்.ஏ.’ (NA) என்று நிற்கிறது. இன்மை மதிப்பு, வெற்று மதிப்பு, காணா மதிப்பு, விடுபட்ட மதிப்பு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு கடைசிச் சொல்லுக்கு. காரணங்களைச் சொல்கிறேன்.

> ‘இன்மை மதிப்பு’ என்றே வைத்துவிடலாம். சொல்லும் சிறியது, இலக்கணமும் இடிக்கவில்லை.

ஐயா, இலக்கணம் இடிக்கவில்லை, பொருள் இடிக்கிறது. இன்மை என்றால் இல்லாமை. என்.ஏ. இல்லாமையைக் குறிப்பதில்லை. மதிப்பு ஒன்று உண்டு, அது நமக்குத் தெரியவில்லை என்பதையே குறிக்கிறது. ஆரைத் திறந்து நீங்களே கேட்டுப் பாருங்கள். என்.ஏ. ஐந்தைவிடப் பெரிதா என்றால் என்.ஏ. என்றே விடை வரும். என்.ஏ.வும் என்.ஏ.வும் சமமா என்று கேட்டாலும் அதே விடைதான். தெரியாத இரண்டு எண்கள் சமமா என்பதை யாரால் சொல்ல முடியும்? ஆனால் என்.ஏ.வின் சுழிய அடுக்கு (NA^0) எவ்வளவு என்று கேட்டால் 1 என்று தயங்காமல் சொல்லிவிடும். எந்த எண்ணாக இருந்தாலும் அதன் சுழிய அடுக்கு 1 என்று ஆர் எடுத்துக்கொள்கிறது. எனவே உள்ளே இருப்பது எது என்று தெரிய வேண்டியதே இல்லை.

உண்மையான இல்லாமைக்கு ஆரில் ‘நல்’ (NULL) என்று தனியே ஒன்று இருக்கிறது. நல்லின் நீளம், அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, 0; என்.ஏ.வின் நீளம் 1. இன்மையையும் வெறுமையையும் நல்லுக்கு ஒதுக்கிவிடுவோம். தவிர, ‘வேறுபாடோ விளைவோ இல்லை’ என்று எடுத்துக்கொண்டு சோதிக்கும் கருதுகோளை ‘இன்மைக் கருதுகோள்’ என்று இந்தக் குழுவில் ஏற்கெனவே எழுதிவருகிறோம். ஒரே ஆய்வேட்டில் இரண்டு இன்மைகள் வந்தால் படிப்பவர் திண்டாடுவார்.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆரோடு கூடவே வரும் ‘ஏர்குவாலிட்டி’ தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 மே முதல் செப்டம்பர் வரை, 153 நாள்களுக்கு நியூயார்க் நகரக் காற்றின் பதிவு அது. ஓசோன் அளவு ரூஸ்வெல்ட் தீவில் பகல் 1 மணியிலிருந்து 3 மணி வரை எடுத்தது. மே மாதத்தின் முதல் நான்கு நாள்களில் 41, 36, 12, 18. ஐந்தாம் நாள் என்.ஏ. இப்படி மொத்தம் 37 நாள்கள். அளவு தெரிந்த 116 நாள்களின் சராசரி 42.1. ‘இன்மைதானே’ என்று அந்த 37 கட்டங்களிலும் ஒருவர் 0 அடித்துவிட்டால் சராசரி 31.9 ஆகிவிடும். அன்றைக்கு நியூயார்க்கில் ஓசோனே இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று பொருள். தரவு உள்ளிடும் மாணவர்கள் 0 அடிப்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ‘அங்கே ஒன்றும் இல்லை, அதனால் சுழியம்’ என்றுதான் விளக்கம் தருகிறார்கள். சொல்லே அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

> ‘காணா மதிப்பு’ எப்படி? கண்டறியப்படாதது என்ற பொருள் சரியாக அமைகிறதே.

அம்மா, நான்கில் எனக்குப் பிடித்த இரண்டாவது சொல் இது. ஆனால் ஒருபோதும் நேரடியாக அளக்கவே முடியாத மாறிகளுக்கு ‘காணா’ வேண்டியிருக்கிறது. மன உளைச்சல், கற்றல் ஆர்வம் போன்றவற்றைப் பத்துக் கேள்விகளின் வழியே ஊகிக்கிறோமே, அவை காணா மாறிகள். ஓசோனை அளக்க முடியும். அன்றைக்கு அளவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

‘விடுபடுதல்’ இதைத் துல்லியமாகச் சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டிருக்கிறது என்றால், அந்த ஆள் இல்லை என்று யாராவது புரிந்துகொள்கிறோமா? ஆள் இருக்கிறார், பட்டியலில் பெயர் ஏறவில்லை. என்.ஏ.வும் அதுவேதான். விடுபாடு என்றால் விடுதலை என்ற பொருளும் உண்டே என்று முன்பே ஒருவர் கேட்டிருந்தார். உண்டு, நோயிலிருந்து விடுபட்டார் என்கிறோம். ஆனால் தரவு பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் எழுவதற்கு வழியே இல்லை.

மென்பொருள் அச்சிடும் செய்தியில் வைத்துப் பார்ப்பதே சொல்லுக்குச் சரியான சோதனை. மேற்சொன்ன தரவில் சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், வெப்பநிலை மூன்றையும் கொண்டு ஓசோனுக்குத் தொடர்புப் போக்கு (ஒன்றைப் பிறவற்றின் வழியே கணிக்கும் முறை) கணக்கிட்டால், முடிவுக்குக் கீழே ஆர் ஒரு குறிப்புத் தரும். தமிழில் எழுதினால் அது, ‘42 பதிவுகள் விடுபாட்டால் நீக்கப்பட்டன’. எங்கும் உறுத்தவில்லை. (ஓசோனில் 37, கதிர்வீச்சில் 7, இரண்டிலும் விடுபட்டவை 2; அதனால் 42.) ஆக, மதிப்பு ‘விடுபட்ட மதிப்பு’, நிகழ்வு ‘விடுபாடு’. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸும் ஸ்டேட்டாவும் விடுபட்ட எண்ணுக்கு ஒரு புள்ளி வைக்கின்றன. ஏட்டில் செல்லரித்துப்போன எழுத்துகளுக்கு நம் பதிப்பாசிரியர்களும் புள்ளிதான் வைத்தார்கள். ஸ்டேட்டாவின் புள்ளியில் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. எல்லா எண்களையும்விடப் பெரியதாக அதை அந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. வருமானம் 50,000க்கு மேல் உள்ளவர்களைப் பிரித்துத் தா என்றால், வருமானம் சொல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய செய்தி.

> விடுபாட்டின் வகைகள்: முற்றிலும் தற்செயல் விடுபாடு, தற்செயல் விடுபாடு, தற்செயலற்ற விடுபாடு.

இதை நாம் ஏற்கவே கூடாது. 1976இல் புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் ‘பயோமெட்ரிகா’ இதழில் அடித்தளமிட்ட வகைப்பாடு இது. கருத்து அருமையானது, ஆங்கிலத்தில் நிலைத்த பெயர்கள்தான் பொருந்தவில்லை. நடு வகையை ‘தற்செயல்’ என்கிறார்கள், அது தற்செயலே இல்லை. அதன் உண்மைப் பொருள், விடுபடுவது நம் கையில் உள்ள பிற மாறிகளைப் பொறுத்தது, அவற்றைக் கணக்கில் கொண்டபின் விடுபட்ட மதிப்பைப் பொறுத்ததன்று என்பதே. ஆங்கிலத்தில் படிப்பவர்களே இதில் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

விடுபாடு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம். ஆய்வகக் குழாய் கைதவறி உடைந்தது, எதையும் சாராதது: சாரா விடுபாடு. முதியவர்கள் எடை பார்க்க மையத்துக்கு வருவது குறைவு, வயது நம் பதிவில் இருக்கிறது: பிறசார் விடுபாடு. வருமானம் மிகுந்தவர்கள் வருமானத்தைச் சொல்ல மறுக்கிறார்கள், மதிப்பே தன்னை மறைக்கிறது: தன்சார் விடுபாடு. மாணவரிடம் விளக்கவுரை இல்லாமலே சொல்லலாம்.

ஓசோன் தரவில் பொருத்திப் பாருங்கள். விடுபட்ட 37 நாள்களில் 21 நாள்கள் ஜூன் மாதத்தவை. 30 நாளில் 9 நாள் அளவுதான் மிஞ்சியது. மற்ற நான்கு மாதங்களில் எதிலும் ஐந்துக்கு மேல் இல்லை. இதைச் சாரா விடுபாடு என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். மாதத்தை மட்டும் பொறுத்ததா, அல்லது ஓசோன் மிகுந்த நாளில் கருவி நின்றுபோனதா? அதாவது பிறசார் விடுபாடா, தன்சார் விடுபாடா? தரவை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அளவெடுத்த இடத்தை அறிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். ‘தற்செயல்’ என்ற சொல் இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. ‘தற்செயலாக விடுபட்டவை, ஆகவே நீக்கினோம்’ என்று எழுதிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுவார்கள்.

விடுபட்ட இடத்தில் மதிப்பிட்ட எண்ணை வைப்பதற்கு ‘இட்டுநிரப்பல்’ என்பதை முன்மொழிகிறேன். வழக்கில் உள்ள தொடர்தான். ஆரின் ‘மைஸ்’ தொகுப்பு ஒரே தரவை ஐந்து விதமாக இட்டுநிரப்பித் தருகிறதே (நாம் வேறு எண் சொல்லாவிட்டால் ஐந்து), அது ‘பன்முறை இட்டுநிரப்பல்’.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்ட விலக்கம், நியம விலகல் என்று ஒரே சிதறல் அளவைக்கு இரு கரையிலும் இரண்டு பெயர்கள் ஏற்கெனவே உள்ளன. இந்தச் சொற்களில் தடை ஏதும் இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள், இரு நாட்டுக்கும் ஒன்றாகவே அமையட்டும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வயது தெரியாவிட்டால் 99 என்று உள்ளிட்டுவிட்டு, 99 என்பது வயதன்று என்று எஸ்.பி.எஸ்.எஸ்.ஸிடம் நாம் சொல்லிவைக்கிறோம். சொல்ல மறந்தால் ஊரில் நூறு வயதை எட்டப்போகிறவர்கள் பெருகிவிடுவார்கள். இதற்கு ‘அறிவித்த விடுபாடு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ‘மறுத்தார்’, ‘வீட்டில் இல்லை’, ‘இவருக்குப் பொருந்தாது’ என்று தனித்தனி எண் கொடுக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது. மூன்றாவதை விடுபாடு என்பதே தவறு. ஆணிடம் கேட்காத மகப்பேற்றுக் கேள்விக்கு எங்கோ ஒரு விடை ஒளிந்திருக்கவில்லை. களக் கணக்கெடுப்பில் பணியாற்றியவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். படிவத்தில் இவற்றை எந்தச் சொல்லால் குறிக்கிறீர்கள்?

அன்புடன்.