துப்பறிவாளனா, அந்த நாளா? பள்ளியில் எதைத் திரையிடலாம்?

திருப்பத்தூர் தமிழாசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன் (நம் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்). புறநானூற்றின் 192ஆம் பாட்டை நடத்தும்போது, "இதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர் பூங்குன்றம், அதுதான் இன்றைய மகிபாலன்பட்டி. உங்களில் பாதிப் பேர் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வருகிறீர்கள்" என்றேன். யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, துப்பறிவாளன் படத்தில் விஷாலின் பெயர் இதுதானே?" என்றான். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சரி, அந்த வழியாகவே போவோம் என்று இலக்கிய மன்றத்தில் ஒரு துப்பறியும் படத்தைத் திரையிட்டு, எடுத்தவர்களைப் பற்றிப் பேசவும் முடிவு செய்திருக்கிறேன். தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். ஆனால் ஆட்டம் பாட்டம் கூடாது, ரத்தம் தெறிக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். முதலாவதைத் துப்பறிவாளன் தாண்டிவிடும். இரண்டாவதில்தான் சிக்கல். 'அந்த நாள்' போடலாமே என்று நூலகர் சொல்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உட்காருவார்களா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலைச் சினிமாக்காரன்:

துப்பறிவாளனையே போடுங்கள் ஐயா. 2017 செப்டம்பரில் வெளிவந்தபோது காரைக்குடியில் முதல் நாளே பார்த்தேன். ஷெர்லாக் ஹோம்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு மிஷ்கின் எழுதி இயக்கியது. வாட்சன் இடத்தில் பிரசன்னா. விஷாலின் சொந்தத் தயாரிப்பு. தான் பணம் போட்ட படத்தில் பஞ்ச் வசனம் பேசாமல், யாரிடமும் சிரிக்காத ஓர் ஆளாக நடிக்கத் துணிச்சல் வேண்டும். சீன உணவகத்துச் சண்டை, ஆண்ட்ரியா பைக்கில் தப்பிக்கிற துரத்தல் இரண்டையும் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இந்தப் படத்தில் முக்கியமான மூவருக்குமே இரவல் பெயர். நாயகனுக்கு உங்கள் புலவரின் பெயர். இயக்குநருக்கு, தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில் வருகிற இளவரசன் மிஷ்கினின் பெயர். இசையமைப்பாளர் அரோல் கொரெல்லிக்கு, வயலினுக்குப் பெயர்போன இத்தாலிய மேதை கொரெல்லியின் பெயர். 'பிசாசு' படத்தில் அவரை அறிமுகப்படுத்தியதும் மிஷ்கின்தான்.

இரண்டாம் பாகத்தின் கதையை மட்டும் கேட்காதீர்கள். 2020இல் மிஷ்கின் விலகிக்கொண்டார், நானே இயக்குகிறேன் என்று விஷால் அறிவித்தார். மனத்தாங்கல்தான் மிச்சம்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள். என் வகுப்பில் விடையை மட்டும் எழுதி வைத்தால் மதிப்பெண் கிடையாது, வழிமுறை வேண்டும். விஷால் நடித்த கணியன் வழிமுறை எழுதாத கெட்டிக்காரப் பையன். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் ஊர், தொழில், வீட்டுச் சங்கதி எல்லாம் சொல்லிவிடுகிறான். எதைப் பார்த்துச் சொன்னான் என்பது பல இடங்களில் அவனுக்கும் மிஷ்கினுக்கும் மட்டும் வெளிச்சம். ஹோம்ஸ் கதையிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் கோனன் டாயில் பின்னாலாவது உட்கார்ந்து விளக்கிவிடுவார்.

இருந்தாலும் அந்தப் படத்தில் ஒரு விஷயத்துக்காக மிஷ்கினுக்குக் கை கொடுப்பேன். பெரிய இடத்து வழக்குகளை வேண்டாம் என்று தள்ளுகிறவன், ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து என் நாயைச் சுட்டது யார் என்று கேட்டதும் எழுந்துகொள்கிறான் பாருங்கள், அங்கேதான் அவன் தனியார் துப்பறிவாளன் ஆகிறான். செத்துப்போன நாய்க்கு எந்தக் காவல் நிலையம் வழக்குப் பதியும்? சர்க்கார் கை விரித்த இடத்தில்தான் தனியாளுக்கு வேலை. அந்த நாயைப் பிடித்துக்கொண்டு போனால், மின்னல் தாக்கி இறந்ததாக எல்லோரும் நம்புகிற தகப்பன், மகன் சாவு வரைக்கும் நூல் நீள்கிறது. நல்ல பின்னல். பிற்பாதியில் துப்பாக்கிச் சத்தம் கூடக் கூட மூளைக்கு வேலை குறைந்துவிட்டது. வினய்யும் பாக்யராஜும் இருக்கிற கும்பல் பயமுறுத்துகிறது, அதுவும் சிரித்த முகமாகவே நாம் பார்த்துப் பழகிய பாக்யராஜ்! ஆனால் பிணத்தை அப்புறப்படுத்துகிற காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் உங்கள் தலைமையாசிரியை உங்களைச் சும்மா விடமாட்டார். ஜேப்படிக்காரப் பெண்ணைத் திருத்துகிறேன் என்று வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதும் எனக்கு ரசிக்கவில்லை. திருந்துகிற ஆம்பளைப் பையன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்களா?

இப்போது 'அந்த நாள்'. 1954இல் வந்தது. சிவாஜி கணேசன் ரேடியோ என்ஜினியர் ராஜன். படம் தொடங்கி நாம் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் குண்டு பாய்ந்து செத்துவிழுகிறார். அந்தக் காலத்தில் எந்த நாயகன் இதற்கு ஒப்புக்கொள்வான்? பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை போலீஸுக்குச் சொல்ல ஓட்டமாய் ஓடுகிறார். சி.ஐ.டி. சிவானந்தம் வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். மனைவி, தம்பி, தம்பி பெண்டாட்டி, தொடுப்பாக இருந்தவள், பக்கத்து வீட்டுக்காரர்: ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு ராஜன். தம்பிக்குச் சொத்தில் பங்கு வேண்டும். பங்காளித் தகராறை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை! வழிமுறை முழுவதும் பலகையில் இருக்கிறது. கவனமாகப் பார்க்கிற பிள்ளை விடையைத் தானே கண்டுபிடிக்கலாம்.

எடுத்தவர் வீணை எஸ். பாலச்சந்தர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிற குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'ரஷோமான்' பார்த்துவிட்டு அந்தப் பொறியில் பிடித்த கதை. வீணை வித்வான் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை, பின்னணி இசை மட்டும்தான். திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறிகிற சிவானந்தமாக நடித்ததும் அவரே. மனைவியாக பண்டரிபாய். ஒளிப்பதிவு மாருதி ராவ். மாடிப்படியிலும் சுவரிலும் அவர் நிழலை விழவைத்திருக்கிற விதத்தைப் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். கறுப்பு வெள்ளையின் அருமை தானாகப் புரியும். சிவானந்தம் சர்க்கார் ஆள்தான், தனியார் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணியனுக்கு ஈடில்லை.

ஆகவே நான் சொல்வது: துப்பறிவாளனில் நாய்ப் பையன் வருகிற பகுதியை மட்டும் போட்டு நிறுத்துங்கள். பிறகு 'அந்த நாள்' முழுவதும். முடிவுக்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி, யார் கொலையாளி, எதனால் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாத சீட்டுக்குச் சுழியம்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொன்னதற்கு மேல் ஒன்று. 'அந்த நாள்' நம் மண்ணின் படம். அதைத் தயாரித்த ஏவி.எம். ஸ்டூடியோ எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. அதைத் தொடங்கிய மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர். இங்கே எடுத்த படம் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லுங்கள்.

பழைய பிலிம் பெட்டி:

பெருமை இருக்கட்டும், கணக்குச் சரியாக இருக்க வேண்டும். மெய்யப்ப செட்டியார் காரைக்குடியில் பிறந்தவர், 1945இல் இங்கே கொட்டகை போட்டு ஸ்டூடியோ தொடங்கினார், எல்லாம் உண்மை. 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். ஆனால் 1948இலேயே ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. 'அந்த நாள்' அதற்கு ஆறு வருஷம் கழித்து வந்த படம். கதையும் சென்னைக் கதை. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடப்பது. போர்ச் சூழலை முதலிலேயே ஐந்து நிமிடம் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ரேடியோ என்ஜினியர் சாவு ஏன் இத்தனை பெரிய விஷயம் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

மண்ணின் பெருமைதான் வேண்டும் என்றால் தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணனைச் சொல்லுங்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பாரே, அவர்தான். 'கல்கண்டு' பத்திரிகையின் ஆசிரியர். தேநீர் குடித்துக்கொண்டே வழக்கை முடிக்கிற சங்கர்லாலைப் படைத்தவர். தமிழில் துப்பறிகிறவன் என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் சங்கர்லால்தான், விஷாலெல்லாம் பிறகு.

திருப்பத்தூர் தமிழாசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சியின் துண்டுச் சீட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நூலகத்தில் பழைய சங்கர்லால் புத்தகம் இருந்தால் முதல் பரிசாகக் கொடுக்கிறேன். ஒரு சந்தேகம்: 'அந்த நாள்' எப்போதோ தொலைக்காட்சியில் பாதியில் பார்த்தது. எந்த இடத்தில் படத்தை நிறுத்த வேண்டும்?

செக்காலைச் சினிமாக்காரன்:

அதுவா ஐயா, சிவானந்தம் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வைக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு அடுத்துத்தான் கொலை செய்தது

கோட்டையூர் ஆச்சி:

செக்காலைத் தம்பி, அதற்கு மேல் ஓர் எழுத்து எழுதினால் பார்! ஆசிரியரின் மாணவர்களும் இங்கே வந்து படிப்பார்கள். வாத்தியார் தம்பி, நீங்கள் ஒருமுறை தனியாக முழுப் படத்தையும் பார்த்து, நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போங்கள்.