தட்டிப் பார்த்துப் படகு வாங்குவோர் கவனத்துக்கு

நங்கூரம்:
பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்து அதிலேயே குடியிருக்கலாமா என்று புதுத்துடுப்பு கேட்டிருந்தார். 30 அடி நீளம், 1970களில் கட்டிய ஃபைபர் படகு, எஞ்சின் ஓடி இரண்டு ஆண்டு ஆகிறது. அதற்கு அலைமகன் அருளிய வாக்கு: “படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு சுத்தியல் போதும். மேல்தளத்தைத் தட்டுங்கள். ‘டக்’ என்றால் வாங்குங்கள், ‘தொப்’ என்றால் திரும்பி வாருங்கள்.” படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். படகு என்ன மண்பானையா, சுண்டிப் பார்த்து வாங்க?

அந்தக் காலப் படகுகளில் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரக்கட்டையை வைத்துத்தான் மேல்தளம் செய்தார்கள். கைப்பிடிக்குப் போட்ட திருகுத் துளை வழியாக நீர் இறங்கிக் கட்டை ஊறும். ஊறிய கட்டை தகட்டைவிட்டுப் பிரியாத வரை ‘டக்’ என்றுதான் சொல்லும். என் படகும் அப்படித்தான் சொன்னது. வாங்கிய பிறகு உள்ளேயிருந்து துளையிட்டேன். வெளிறிய மரச்சுருள் வர வேண்டிய இடத்தில் பழுப்புக் கூழ் புளித்த வாடையோடு துளைமுனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தண்ணீர், என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

அலைமகன்:
11 ஆண்டுகளாகப் படகில் குடியிருக்கிறேன். தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். இதுவரை மூழ்கவில்லை. ஐயா இரும்புச் சுத்தியலால் தட்டியிருப்பார். பிளாஸ்டிக் தலை உள்ளது வேண்டும். மீதி வேலை காதுடையது. காது இல்லாதவர்கள் கூழைப் பற்றித்தான் கட்டுரை எழுதுவார்கள்.

நங்கூரம்:
பிளாஸ்டிக் தலைதான். நன்றாகவே தட்டினேன். ‘டக்’ என்றது. மறுபடி சொல்கிறேன்: ஊறியிருந்தும் ‘டக்’ என்றது.

மேகநாவாய்:
இந்தக் காலத்தில் இன்னுமா சுத்தியல்? ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் வைத்தால் எண் காட்டிவிடும்.

அலைமகன்:
ஈரமானியா! படகின் அடியில் பூசும் செம்பு கலந்த அடிப்பூச்சின் மேல் வைத்தால் எண் ஏறும். தகட்டுக்குப் பின்னால் உலோகம் இருந்தால் ஏறும். உள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்தால் ஏறும். சுத்தியலுக்கு இந்தப் பலவீனம் எதுவும் கிடையாது.

நங்கூரம்:
மேல்தளத்துக்கு யார் ஐயா அடிப்பூச்சு அடிக்கிறார்கள்? உங்கள் படகு தலைகீழாகவா மிதக்கிறது?

கரைக்காகம்:
ஒரு சந்தேகம். குடியிருப்பது என்று எதைச் சொல்கிறோம்? துறையில் கட்டிப்போட்டுத் தூங்குவதா, பாய் விரித்துக் கடல் கடப்பதா? ‘சரிசெய்தல்’ என்றால் வண்ணம் பூசுவதா, எஞ்சினை இறக்குவதா? இது தெரியாமல் யாருக்கு என்ன பதில் சொல்வது?

அலைமகன்:
எதுவானாலும் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்று:
நான் நான்கு ஆண்டு இருந்து பார்த்தவள். சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். பழைய படகு என்றால் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்கும். காப்பீடு இல்லை என்றால் பல படகுத்துறைகள் இடமே தராது. குடியிருக்க அனுமதிக்கும் துறைகள் அதைவிடக் குறைவு. அடிப்பகுதி வேலைக்காகப் படகைக் கரையேற்றினால், அந்த நாட்களில் உள்ளே தூங்கக் கூடாது என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. அப்போது எங்கே போவீர்கள்?

இன்னொன்று. வேலை நடக்கும் வீட்டிலேயே வாழ்வது வேறு, வேலை நடக்கும் 30 அடிக்குள் வாழ்வது வேறு. ஃபைபரைத் தேய்த்த தூள் தலையணை உறைக்குள் போய்விட்டால் எத்தனை முறை துவைத்தாலும் கழுத்து அரிக்கும். குளிர்நாளில் உங்கள் மூச்சே சுவரில் நீராக வழியும். காலையில் மெத்தையை நிமிர்த்தினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை, நீங்கள் படுத்திருந்த வடிவத்திலேயே.

அலைமகன்:
சகோதரி, மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் வையுங்கள், சரியாகிவிடும். இதற்கும் சுத்தியலுக்கும் என்ன சம்பந்தம்?

உப்புக்காற்று:
நான் உங்கள் சகோதரி அல்ல. சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன்.

நங்கூரம்:
அவர் காப்பீட்டுக்குப் பதில் சொல்ல மாட்டார், அம்மா. படகின் அடியில் இருக்கும் நீர்த்துளையை மூடித் திறக்கும் வால்வு பித்தளையானாலும் வெண்கலமானாலும் ஒன்றுதான் என்று போன மழைக்காலத்தில் இங்கே எழுதியவர் இவர். உப்புநீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோகும். மிஞ்சுவது இளஞ்சிவப்பாகப் பொடியும் செம்பு. ஒருநாள் கைப்பிடியைத் திருப்பினால் வால்வே கையோடு வரும். நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஓர் அங்குலத் துளை என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். அப்போதும் தட்டிக்கொண்டிருங்கள்.

அலைமகன்:
100 லிட்டர் ஏட்டுக் கணக்கு. துளையின் விளிம்பில் நீரோட்டம் சுருங்கும். 60 சொச்சம்தான் வரும். கணக்குத் தெரியாதவர் உலோகம் பேசுகிறார். அந்த வால்வு விஷயத்தில் ‘இரண்டிலும் செம்பு உண்டு’ என்றுதான் எழுதினேன். திரித்துச் சொல்லாதீர்கள்.

நங்கூரம்:
60 லிட்டரில் மூழ்கினால் நனைய மாட்டீர்களோ?

மேகநாவாய்:
ஈரமானி பற்றிச் சொன்னதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் தரவில்லை.

கரைக்காகம்:
மேல்தளத்தில் பூட்டின திருகாணி ஒன்றைக் கழற்றி, துளைக்குள் கம்பியை விட்டுக் கட்டையைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே? விற்பவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம். சுத்தியலும் வேண்டாம், மானியும் வேண்டாம்.

அலைமகன்:
ஆணி இருக்கும் இடத்தில் மட்டும்தான் அது தெரியும். முழுத் தளத்தையும் தட்ட முடியும். 11 ஆண்டு.

நங்கூரம்:
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சும்மா கொடுத்தாலும் பழைய படகின் கதை அதுதான். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றச் சொல்வார்கள். அந்தக் கம்பிகளைத் தாங்கும் எஃகுப் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் காற்றுப் படாமல் ஈரத்திலேயே இருந்து அரிக்கும். பெயர் மட்டும் துருப்பிடிக்காத எஃகு. வெளியே கண்ணாடிபோல் மின்னும். தட்டினால் அதுவும் ‘டக்’ என்றுதான் சொல்லும்.

அலைமகன்:
எஃகைத் தட்டச் சொன்னேனா? மேல்தளத்தை என்றேன். எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

உப்புக்காற்று:
புதுத்துடுப்பு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? இறுகியிருக்கிறதா?

புதுத்துடுப்பு:
இல்லை, அம்மா. நாளை காலை மறுபடியும் பார்க்கப் போகிறேன். முன்பணம் கேட்கிறார். சுத்தியல் வாங்கிவிட்டேன், ஆனால் ரப்பர் தலை. அது பரவாயில்லையா?

அலைமகன்:
ரப்பர் கூடாது. சத்தத்தை விழுங்கிவிடும்.

நங்கூரம்:
வைரத் தலை வைத்துத் தட்டினாலும் ஊறிய தளம் ‘டக்’ என்றுதான் சொல்லும். என் படகு சொன்னது.

அலைமகன்:
உங்கள் படகு சொல்லியிருக்காது. உங்கள் காதுக்கு அப்படிக் கேட்டிருக்கும்.