ஒழுங்கில்லாமல் துடிக்கும் இதயத்தைப் படம் எடுக்கும்போது எங்கே தவறுகிறோம்? அனுபவப் பகிர்வு

எக்கோ டெக்னீஷியன்:
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகளான ஏட்ரியங்கள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) உள்ளவர்களுக்கு எக்கோ, அதாவது இதய அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது அதிகம் நடக்கும் தவறு, கண்ணில் பட்ட ஒரு துடிப்பில் இஎஃப் (கீழறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) அளந்து எழுதிவிடுவது. நீண்ட இடைவெளி விட்டு வரும் துடிப்பில் வென்ட்ரிக்கிள் (கீழறை) நன்றாக நிரம்பியிருக்கும், இஎஃப் கூடுதலாகத் தெரியும். அவசரமாக வரும் துடிப்பில் நிரம்ப நேரமே இருக்காது, அதனால் குறையும். குறைந்தது 5 துடிப்புகளை அளந்து சராசரி எடுங்கள். கூட்டம் நெருக்கும் நாளில், முன்னால் உள்ள இரண்டு ஆர்-ஆர் இடைவெளிகளும் (ஈசிஜி-யில் ஒரு துடிப்பின் உச்சமான ஆர் அலையிலிருந்து அடுத்த ஆர் வரை உள்ள நேரம்) ஏறக்குறைய சமமாக அமைந்த ஒரு துடிப்பைத் தேடி அதில் அளந்தால் சராசரிக்குப் பக்கத்தில் வரும்.

மெஷின் 1 அல்லது 2 துடிப்பு மட்டும் சேமிக்கும்படி செட் ஆகியிருந்தால், விநாடிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஈசிஜி லீட் சரியாக ஒட்டாமல், ஆர்-க்குப் பின்னால் வரும் டி அலையை ஆர் என்று மெஷின் எடுத்துக்கொண்டால் கிளிப் பாதியில் வெட்டுப்படும்.

இடது ஏட்ரியத்தை முன்பின் விட்டத்தால் மட்டும் மதிப்பிடாதீர்கள், அது மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும்தான் அதிகம் பெருக்கும். நான்கறை, ஈரறை இரண்டு வியூவிலும் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) திறப்பதற்குச் சற்று முந்தைய ஃபிரேமில் கொள்ளளவு எடுக்க வேண்டும். இரண்டு வியூவின் நீளமும் 5 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஒன்றில் ஏட்ரியம் குறுகலாக வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி எடுங்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மி.லி. தாண்டினால் பெரிதாகியிருக்கிறது என்று பொருள்.

இதயநோய் மருத்துவர்:
ரிப்போர்ட்டின் முதல் வரியில் ரிதமும் ஹார்ட் ரேட்டும் இருக்க வேண்டும். ரேட் 140-ல் ஓடும்போது எடுத்த குறைந்த இஎஃப்பை நிரந்தரப் பலவீனம் என்று முடிவு கட்டக் கூடாது. வேகத்தாலேயே தளர்ந்த இதயம், வேகம் அடங்கிச் சில மாதங்களில் தேறிவிடலாம். மறு எக்கோ அவசியம்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலில் சுருங்கிய மைட்ரல் வால்வு இருந்தால் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தே மாறும். 2022-ல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதயநோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ரிவரோக்சபானை விட வார்ஃபரின் வகை மருந்துகளே உயிர் காப்பதில் மேலாக இருந்தன. மிதமான அல்லது கடுமையான சுருக்கம் என்றால் வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோதான், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) 2 முதல் 3-க்குள். கிரேடியன்ட் (வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாடு) ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும் என்பதால், வால்வு வாயின் பரப்பைக் குறுக்குவெட்டில் நேராக வரைந்து அளப்பது இங்கே நம்பகமானது.

டிஇஇ செய்பவர்:
டிஇஇ, அதாவது உணவுக்குழாய் வழியே எக்கோ எடுப்பதன் முக்கியக் காரணம் இடது ஏட்ரியத்தின் அப்பெண்டேஜ், அந்தக் காது மாதிரியான பை. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு ஏட்ரியத்தில் ரத்தக்கட்டி உண்டானால் பத்தில் ஒன்பது அங்கேதான். 0, 45, 90, 135 டிகிரி நான்கிலும் பாருங்கள். பைக்குப் பல மடல்கள் இருக்கலாம், ஒரு கோணத்தில் ஒளிந்தது இன்னொன்றில் தெரியும்.

கட்டி என்று ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, உட்சுவரின் சீப்புத் தசைகள். இவை சுவரோடு சேர்ந்தே அசையும், சுவரின் நிறமே இருக்கும். இன்னொன்று, பைக்கும் இடது மேல் நுரையீரல் சிரைக்கும் நடுவில் உள்ள வரப்பு எழுப்பும் நிழல். அது வரப்பின் தூரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில் வரும், அளந்து பார்த்தால் அகப்பட்டுவிடும்.

பையின் வாயிலிருந்து 1 செ.மீ. உள்ளே டாப்ளர் வைத்து ரத்த ஓட்டத்தின் வேகம் எடுங்கள். விநாடிக்கு 20 செ.மீ.-க்குக் கீழே என்றால், கட்டி தெரியாவிட்டாலும் கவலைக்குரியதுதான். ரத்தம் புகை மாதிரிச் சுழல்வதாகத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

வார்டு நர்ஸ்:
திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். பல்செட் கழற்றியாச்சா, விழுங்கச் சிரமம் உண்டா, ரத்த வாந்தி எடுத்ததுண்டா என்று கேட்காமல் உள்ளே அனுப்பாதீர்கள். தொண்டை மரப்பு தெளியும்வரை காபிகூட கூடாது. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை டிஇஇ-க்காக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நிறைய. பொதுவாக அதை நிறுத்தத் தேவையில்லை.

சிடி ரேடியாலஜிஸ்ட்:
அப்லேஷனுக்கு (ரிதம் கோளாறைத் தூண்டும் இடங்களைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) முன் நுரையீரல் சிரைகளின் அமைப்பு பார்க்க சிடி எடுக்கும்போது இடது ஏட்ரியப் பையின் நுனி கறுப்பாகத் தெரிந்தால், உடனே கட்டி என்று எழுத வேண்டாம். ரத்தம் மெதுவாக ஓடினாலும் கான்ட்ராஸ்ட் (ஊசியில் செலுத்தும் மருந்து) நுனிக்குப் போய்ச் சேராது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். நிரம்பிவிட்டால் மந்த ஓட்டம், அப்போதும் கறுப்பாகவே இருந்தால் கட்டி. படம் கலங்காமலிருக்க சிஸ்டோலின் (இதயம் சுருங்கும் கட்டம்) முடிவில் எடுப்பது நல்லது, ரிதம் தவறும்போது அதிகம் நீண்டு குறுகுவது டயாஸ்டோல்தான் (தளரும் கட்டம்).

பயிற்சி மருத்துவர்:
சார், டிஇஇ-யில் கட்டி இல்லையென்றால் ரிதத்தைச் சரிசெய்ய ஷாக் கொடுத்த பிறகும் 4 வாரம் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதற்கு?

டிஇஇ செய்பவர்:
ரிதம் சரியானாலும் ஏட்ரியத்தின் தசை சில நாள், சில வாரம் மரத்துக் கிடக்கும். ஈசிஜி-யில் பி அலை (ஏட்ரியம் இயங்குவதன் அடையாளம்) வந்திருக்கும், பையில் ஓட்டம் வந்திருக்காது. புதிய கட்டி உருவாவது அப்போதுதான். டிஇஇ மிச்சப்படுத்துவது ஷாக்குக்கு முன் மருந்தோடு 3 வாரம் காத்திருப்பதை மட்டும். ரிதம் தவறி எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்தக் காத்திருப்பு தேவை என்ற வரம்பையும் 48 மணி நேரத்திலிருந்து 24 ஆக 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் குறைத்திருக்கிறது. "நேற்றுதான் படபடப்பு வந்தது" என்று நோயாளி சொன்னால், நேற்று எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள்.